பொறாமையோடு இரண்டு நாள்: பாபநாசத்திலிருந்து ஆழ்வார்திருநகரி வரை

தாமிரபரணியை மலையடிவாரத்திலிருந்து கீழே வரை பார்த்து எழுதுங்கள் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். பக்கத்தில்தானே ஓடுகிறது, எங்கே போய்விடப் போகிறது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன தை மாதம், பொங்கல் கழிந்த சனி ஞாயிறில் போய்வந்துவிட்டேன். காரணம் நீங்கள் இல்லை, மன்னிக்கவும். காரணம் மும்தாஜ். எழுத ஏன் இத்தனை மாதம் ஆயிற்று என்பது கடைசியில் வரும்.

மும்தாஜ் மேலப்பாளையத்துக்காரி. பள்ளியில் நானும் அவளும் ஒரே கூடைப்பந்து அணி. நான் கேப்டன், அவள் பெஞ்சு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். இன்றைக்கு நான் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். அவள் சிங்கப்பூரில் உட்கார்ந்து பன்னாட்டுக் கூடைப்பந்துப் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை விற்கிறாள். எந்தப் போட்டியை எந்த நாட்டில், எந்தத் திரையில், எந்த மொழியில், எத்தனை நாள் காட்டலாம் என்று விலைபேசிக் கொடுப்பதுதான் வேலை. பந்தைத் தொடாமலே பந்தால் பிழைக்கிறாள். கேட்டவுடன் எனக்கு வயிறு எரிந்தது. பல வருஷமாக எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

நானும் சும்மா இல்லை. ஆற்றங்கரை ஊர்களில் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடக்கும் கூடைப்பந்துப் போட்டிகளுக்கு மைக் பிடிப்பவள் நான்தான். 'மைக் அக்கா' என்றால் தெரியும். நேரில் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர் வர்ணனையில் ஆட்டம் பாதிதான். பந்து யார் கையில் என்று சொல்லும் அதே மூச்சில், மதிய உணவு வழங்கிய நல்ல உள்ளத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். வழியை மறித்து நிற்கும் பைக்கை எடுக்கச் சொல்ல வேண்டும். அம்மாவைத் தேடி அழும் பிள்ளையின் சட்டை நிறத்தையும் சொல்ல வேண்டும். இத்தனையும் சொல்லி ஸ்கோரையும் விடாமல் சொன்னால்தான் வர்ணனையாளர்.

மார்கழியில் ஒரு அறிவிப்பு வந்தது. கோடையில் நடக்கப்போகும் பன்னாட்டுப் பெண்கள் போட்டி ஒன்றைத் தமிழில் ஒளிபரப்பப் போகிறார்கள், குரல் தேவை என்றார்கள். அறிவித்தது மும்தாஜ் வேலை பார்க்கும் நிறுவனம். வர்ணனை இல்லாமல் மைதானச் சத்தம் மட்டும் உள்ள பத்து நிமிஷ ஆட்டம் ஒன்றை அனுப்புவார்கள். அதன் மேல் நாம் பேசி அனுப்ப வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, என் வீட்டுக்காரரை வெளியே அனுப்பி, போர்வைக்குள் உட்கார்ந்து வியர்க்க வியர்க்கப் பேசி அனுப்பினேன். மும்தாஜிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிக் கிடைத்தால் அது அவள் போட்ட பிச்சை ஆகிவிடும். ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். அதற்கு முன் நான் எதையும் அப்படி வேண்டும் என்று நினைத்ததில்லை.

அப்போதுதான் அவளே போன் செய்தாள். "அக்கா மக கல்யாணத்துக்கு வாரேன்டி. ரெண்டு நாள் சும்மாதான் இருப்பேன். ஆத்தோரமா மேல இருந்து கீழ வரைக்கும் போவமா?" குரல் தேர்வைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. இரண்டு நாள் காரில் பக்கத்தில் இருந்தால் வாயைத் திறக்காமலா இருப்பாள் என்று சரி என்றேன்.

சனிக்கிழமை காலை ஆறே காலுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். இரண்டு நாளைக்கு வாடகைக் கார், டீசலும் டிரைவர் பேட்டாவும் சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூறு பேசியிருந்தேன். பாபநாசம் சுமார் ஐம்பது கிலோமீட்டர். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழி. தையில் இந்தப் பாதையில் போனால் வலமும் இடமும் நெல்லும் வாழையும்தான், கண்ணாடியை இறக்கிவிட்டால் ஏசி வேண்டியதில்லை. டிரைவர் சுடலை எங்கள் தெருப் பையன், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். என்னை எப்போதும் போல 'அக்கா' என்றான். அவளைப் பார்த்ததும் 'மேடம்' என்றான். அவள் கண்ணாடியும் தோல்பையும் செய்த வேலை.

"மேடம் சிங்கப்பூர்ல என்ன சோலி பாக்குதிய?" என்றான் சுடலை.

"மேட்ச் விக்கேன் தம்பி."

"மேட்ச்ச எப்படி விப்பாவ?"

மும்தாஜ் விளக்கப் பார்த்தாள். தொலைக்காட்சி, செயலி, மொழி என்று என்னென்னவோ சொன்னாள். சுடலை மரியாதையாகத் தலையாட்டினான், ஒன்றும் ஏறவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "வாழத் தோட்டம் மாதிரிலே. தாரு ஒருத்தருக்கு, இலை ஒருத்தருக்கு, பூவு ஒருத்தருக்குன்னு தனித்தனியா விக்காவல்லா, அது மாதிரி" என்றேன். "அப்படிச் சொல்லுங்க!" என்று ஹார்ன் அடித்தான் சுடலை. மும்தாஜ் என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லா இருக்கேட்டி" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அந்த நிமிஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்கள் மனிதர்களுக்குப் பயப்படுவதில்லை. இருபது ரூபாய்க்குப் பொரி வாங்கிப் போட்டால் காலடியிலேயே வந்து அடித்துக்கொள்ளும். அங்கிருந்து அகத்தியர் அருவிக்கு மேலே ஏற வேண்டும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதையும் விடமாட்டார்கள், கொண்டுபோகாதீர்கள். மழை அதிகமாகிவிட்டால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன அன்று தண்ணீர் அளவாக இருந்தது, பெண்கள் பக்கம் கூட்டமும் இல்லை. இங்கே குளித்தால் பாவம் கழியும் என்பது ஐதிகம். அடுத்தவள் பொருளுக்கு ஆசைப்படாதே என்பதை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த கிறிஸ்தவச்சி நான். எதற்கும் இருக்கட்டும் என்று தலையை நன்றாகவே கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் மும்தாஜ், நாற்பது வயதிலும் தொப்பை இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் கழியவில்லை.

அருவிப் பக்கம் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது நல்லது. மும்தாஜுக்கு ஆகவில்லை. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத் தலையோடு பாறை பாறையாக ஏறினாள். "ஏட்டி, ஒரு நாட்டுக்காரன் காத்துக்கிட்டு இருக்கான், இன்னைக்குள்ள பதில் சொல்லணும், வா வெரசா கீழ போவோம்" என்றாள். ஒரு நாட்டுக்காரன்! எனக்கெல்லாம் ஒரு தெருக்காரன் காத்திருந்ததில்லை.

கீழே டீக்கடையில் சிக்னல் வந்தது. நான் உளுந்த வடையைப் பிட்டுக்கொண்டிருக்க, அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள். கைப்பேசித் திரையில் நாலு முகங்கள். குரலை உயர்த்தவே இல்லை. ஒரு இடத்தில் சிரித்துக்கொண்டே வாழைத் தோட்டம் என்றாள். தார், இலை, பூ எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நாலு முகங்களும் சிரித்தன. அதில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் பிரமாதம் என்று கைதட்டினார். அதை யாரிடம் கேட்டாள் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல அங்கே என்ன அவசியம், எனக்கும் புரிகிறது. வடையைத் தட்டோடு தள்ளி வைத்தேன்.

"முடிஞ்சிட்டுட்டி!" என்று வந்து என் தோளில் அடித்தாள். "உன் வாழ நல்லா வேல செய்யுது."

"அதுக்கு எனக்கு என்ன தருவ?" என்றேன் விளையாட்டாக. விளையாட்டே இல்லை. இதோ, இப்போதாவது குரல் தேர்வைப் பற்றிப் பேசிவிடுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவள் ஒரு கணம் எதையோ சொல்ல வந்து விழுங்கினாள். பிறகு, "கல்லிடக்குறிச்சில அப்பளம் வாங்கித் தாரேன்" என்றாள். வாங்கியும் தந்தாள். அப்பளக் கடை அண்ணாச்சி பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, அவளிடம் "எங்கன இருந்து வாரிய?" என்று விசாரித்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். சோதனைச் சாவடிக் கட்டணம், சாப்பாடு, டீ, பொரி எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு எழுநூறு ரூபாய்க்குள்தான் ஆனது.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் கிளம்பினோம். முதலில் சீவலப்பேரி. திருநெல்வேலியிலிருந்து பதினாறு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸே போகிறது. சிற்றாறு வந்து தாமிரபரணியோடு சேரும் இடம் அது. அருவியைப் பார்த்த கண்ணுக்கு இந்த ஆறு வேறு ஆறு மாதிரி இருக்கும், அகலமாகப் பைய நடந்து போகிறது. வயல் வேலைக்கு வந்த பெண்கள் கரையில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டமில்லாத இடம் வேண்டுமென்றால் பாபநாசத்தைவிட இதைத்தான் சொல்வேன்.

அங்கேதான் மின்னஞ்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை யார் மின்னஞ்சல் அனுப்புவார்கள் என்று நினைத்துத்தான் திறந்தேன். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் படிக்க வேண்டியதே இல்லை, ஆனாலும் படித்தேன். கடைசியில் காரணமும் எழுதியிருந்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட விளம்பரதாரர் அல்லாத ஒருவரின் பெயர் மாதிரிப் பதிவில் இடம்பெற்றுள்ளது, ஆகையால் தங்களைப் பரிசீலிக்க இயலவில்லை என்று. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. நான் ஏன் விளம்பரம் சொல்லப் போகிறேன்? இது மும்தாஜ் வேலை என்றுதான் முதலில் தோன்றியது. பெஞ்சில் உட்கார வைத்ததற்கு இத்தனை வருஷம் கழித்துப் பழி வாங்கிவிட்டாள்.

படித்துறையில் காலை நனைத்துக்கொண்டிருந்தவளிடம் போய்க் கைப்பேசியை நீட்டினேன். "சந்தோசமா?" என்றேன்.

வாங்கிப் படித்தாள். முகம் மாறியது. "முடிவு வந்துட்டா? அப்ப இனிமே பேசலாம்" என்றாள். "எஸ்தரு, கேளு. லிஸ்டுல உன் பேரப் பாத்த அன்னைக்கே, இவ எனக்குக் கூட்டாளி, நான் இதுல இருக்க மாட்டேன்னு சொல்லி வெளிய வந்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன்னு தெரிஞ்சா உன் பேரையே அடிச்சிருப்பாவ. எங்க சோலி அப்படிட்டி. ரெண்டு நாளா வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன், நீ வேற மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வார."

நேற்று விழுங்கியது இதைத்தான். நான் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் வீணாகப் போனது. சம்பளம், சிங்கப்பூர், தோல்பை, தொப்பையில்லாத வயிறு எல்லாம் போதாது என்று நேர்மை வேறு வைத்திருக்கிறாள். இனிமேல் அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டும்.

"நான் பேசுனதக் கேட்டியா?" என்றேன்.

"கேக்கல. கேக்கக் கூடாது. ஆமா, யாரு பேரட்டி சொன்ன?"

கைப்பேசியில் பதிவு இருந்தது. இருவரும் படியில் உட்கார்ந்து அந்த ஒரு இடத்தை மட்டும் தேடிக் கேட்டோம். ஐந்தாவது நிமிஷத்தில் ஒரு அணி டைம் அவுட் கேட்கிறது. எங்கோ ஒரு குளிர்நாட்டு அரங்கம், இரண்டு பக்கமும் வெள்ளைக்காரப் பெண்கள். என் குரல் கணீரென்று சொல்கிறது: 'இந்த நேரத்தில், மதிய உணவும் ஜெனரேட்டரும் வழங்கிய நல்ல உள்ளம், அரிசி ஆலை செல்லத்துரை அண்ணாச்சி அவர்களுக்கு விழாக் குழுவின் சார்பாக நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.'

டைம் அவுட் என்றால் அண்ணாச்சி. பல வருஷப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லியிருக்கிறது. போர்வைக்குள் இருந்த எனக்கு அது காதிலேயே விழவில்லை. மும்தாஜ் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. படியில் புரண்டு சிரித்தாள், தூக்குவாளிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. என்னைவிட நன்றாக ஒருத்தி பேசித் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். போயும் போயும் ஒரு ஜெனரேட்டருக்கு நன்றி சொல்லித் தோற்றிருக்கிறேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து, பிடுங்காமல் விட்டேன்.

வல்லநாடு வந்து, தூத்துக்குடி சாலையைத் தாண்டி ஸ்ரீவைகுண்டத்தில் சாப்பாடு. இலைச் சாப்பாடு நூற்றைம்பது ரூபாய், குழம்பு நன்றாக இருக்கும் என்று சொன்னார்கள், எனக்கு ருசி தெரியவில்லை. அங்கிருந்து ஆழ்வார்திருநகரி பத்துப் பதினைந்து நிமிஷம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், நாலரைக்கு மேல் போனால் நிதானமாகப் பார்க்கலாம். கோயிலுக்குள் பழமையான புளியமரம் இருக்கிறது, அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து வருகிறார்கள். சுடலை உள்ளே போய்க் கும்பிட்டு வந்தான். நாங்கள் இருவரும் ரத வீதியில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நல்ல காபி, இருபது ரூபாய்.

அன்று சாயங்காலம் பக்கத்து ஊரில் பொங்கல் கூடைப்பந்து, பெண்கள் இறுதி ஆட்டம். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். வருஷா வருஷம் நான்தான் மைக். ஜெனரேட்டரும் மதியச் சாப்பாடும் அதே செல்லத்துரை அண்ணாச்சி. பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி, முன்வரிசையில் கைவைத்த நாற்காலி. நாங்கள் போய் இறங்கியதும் விழாக் குழு மும்தாஜைப் பிடித்துக்கொண்டது. பொன்னாடை போர்த்தினார்கள். பதினெட்டு வருஷமாக மைக் பிடிக்கிறேன், எனக்கு ஒரு துண்டு போர்த்தியதில்லை.

அந்த எரிச்சலில் ஒரு முடிவெடுத்தேன். இன்றைக்குச் சிங்கப்பூர் மெச்சும்படி சுத்தமான வர்ணனை. பந்து, ஆட்டக்காரி, ஸ்கோர், இதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. முதல் பாதி முழுக்க அப்படியே செய்தேன். பந்து கூடையை நோக்கிப் போகும்போது வாயை மூடிக்கொண்டேன். வலையில் விழும் சத்தம் அந்த ஊர் ஸ்பீக்கரில் முதல் முறையாகக் கேட்டது. அழகாகத்தான் இருந்தது. டைம் அவுட்டில்கூட நாக்கைக் கட்டிவைத்தேன்.

இடைவேளையில் அண்ணாச்சி எழுந்தார். "என்ன பிள்ள, நம்ம பேரு மறந்து போச்சோ?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, மனசு நொந்திருந்தது. நான் பதில் சொல்வதற்குள் ஜெனரேட்டர் பக்கம் திரும்பி, "ஏலே, அதப் பைய வண்டியில ஏத்து" என்றார். விழாக் குழு மொத்தமும் அவர் பின்னால் ஓடியது. ஜெனரேட்டர் போனால் விளக்கு இல்லை, விளக்கு இல்லாமல் இறுதி ஆட்டம் இல்லை. இரண்டு அணிப் பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மும்தாஜ் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு அவரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணாச்சி, உங்க பேரப் பத்தோட பதினொண்ணா சொல்லணுமா, ஊரே மூச்ச அடக்கி நிக்கும்போது சொல்லணுமா?"

"ரெண்டுந்தான் சொல்லணும்" என்றார் அண்ணாச்சி.

"ஃப்ரீ த்ரோ தெரியும்லா? பவுல் ஆனா ஒருத்தி தனியா நின்னு கூடைக்குப் போடுவா. அப்ப எவனும் அங்க இங்க பாக்க மாட்டான். அந்த எடம் உங்களுக்கு. வேற எவரு பேரும் அதுல வராது."

அண்ணாச்சி யோசித்தார். "மேலத்தெரு ஜவுளிக்கடக்காரன் பேரு?"

"வராது."

"ரெண்டு டீமுக்கும் சேத்தா?"

"ரெண்டு டீமுக்கும்."

"ஏலே, அத எறக்கு!" என்றார் அண்ணாச்சி. ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இதைத்தான் இவள் அங்கே உட்கார்ந்து விற்கிறாள், இல்லாத ஒன்றை இருக்கிறது என்று காட்டி. மனசார எரிந்தது.

இரண்டாம் பாதியில் என் மைக் எனக்குத் திரும்ப வந்தது. முதல் பவுலுக்கே ஆரம்பித்தேன். "இந்த ஃப்ரீ த்ரோவை வழங்குபவர்..." என்று இழுத்து நிறுத்தி, "அரிசி ஆலை செல்லத்துரை அண்ணாச்சி!" என்றேன். கூட்டம் சிரித்தது. இரண்டாவது தடவை கூட்டத்தில் பாதி என்னோடு சேர்ந்து சொன்னது. மூன்றாவது தடவை சின்னப் பிள்ளைகளெல்லாம் கத்தினார்கள். அண்ணாச்சி நாற்காலியில் உட்காரவே இல்லை. "கைய வச்சாள்லா, ஊதும் வே!" என்று ஒவ்வொரு தடவையும் நடுவரை ஏசினார். பவுலாகத் தேடிக்கொண்டிருந்தார் மனுஷன். நான் பைக்கையும் எடுக்கச் சொன்னேன், பச்சைச் சட்டைப் பிள்ளையின் அம்மாவையும் கூப்பிட்டேன், ஒரு புள்ளியும் விடவில்லை.

ஆட்டம் முடிய நாலு வினாடி. உள்ளூர் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது, இரண்டு ஃப்ரீ த்ரோ. போட நின்றவள் ஒன்பதாம் வகுப்பு. நான் 'வழங்குபவர்' என்றதுதான் தாமதம், ஊரே அண்ணாச்சி பெயரைச் சொன்னது. பிறகு சத்தமே இல்லை. நானும் மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். முதல் பந்து விழுந்தது, சமம். இரண்டாவது வளையத்தைச் சுற்றி வெளியே வந்தது, மிச்ச வினாடிகளும் தீர்ந்தன. கூடுதல் நேரம் என்று அறிவித்தேன். "டீசல் இருக்கு, ஆடுங்க!" என்று கத்தினார் அண்ணாச்சி. கூடுதல் நேரத்தில் உள்ளூர் அணி தோற்றது, அது தனிக் கதை.

ஆட்டம் முடிந்து ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். மைக்கைச் சுற்றி வைத்துவிட்டுத் தெருவிளக்கு வெளிச்சத்தில் கார் பக்கம் வந்தேன். மும்தாஜ் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. கேலி செய்யப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்குப் பொறாமையா இருக்குட்டி" என்றாள்.

"என்னது?"

"இத்தன வருசமா மேட்ச் விக்கேன். ஒரு மேட்ச்ச முழுசாப் பாத்ததில்ல, ஒரு கிரவுண்டுலயும் எவளும் என்னத் திரும்பிப் பாத்ததில்ல. நீ ஒரு வார்த்தய நிறுத்துனா ஊரே நிக்கி. பொறாமையா இருக்கு."

"ஜெனரேட்டர் சத்தத்துல சரியாக் கேக்கலட்டி, திரும்பச் சொல்லு" என்றேன். ஜெனரேட்டரை நிறுத்திப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை கேட்டதற்கு, "போடி மூதி" என்று ஏசிவிட்டுக் காரில் ஏறிவிட்டாள். பாளையங்கோட்டை வரும் வரைக்கும் சுடலையோடு சேர்ந்து நான்தான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். தை, மாசி மாதங்கள்தான் நல்லது. ஆற்றில் தண்ணீரும் இருக்கும், வெயிலும் தாங்கும். கார் வேண்டியதில்லை, திருநெல்வேலிப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து பாபநாசத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. ஆழ்வார்திருநகரிக்குத் திருச்செந்தூர் போகும் பஸ்ஸோ ரயிலோ போதும். சீவலப்பேரி பஸ்ஸுக்கு மட்டும் நேரம் விசாரித்து ஏறுங்கள். குளிக்க மாற்றுத்துணி, கைச்செலவுக்குக் கொஞ்சம் சில்லறை. கூட யாரை அழைத்துப் போகிறீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பொறாமை உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டுமென்றால் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் முடியாது.

கடைசியாக, எழுத ஏன் இத்தனை மாதம் ஆனது என்பது. அந்தப் பன்னாட்டுப் போட்டி இப்போது தமிழில் ஓடிக்கொண்டிருக்கிறது. குரல் சென்னைப் பெண் ஒருத்தியுடையது. அவள் சொதப்புவாள், அதையும் சேர்த்து எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன். குற்றம் கண்டுபிடிக்கவே மூன்று ஆட்டம் உட்கார்ந்து கேட்டேன். வெளிநாட்டுப் பெயர்கள் வாயில் வழுக்கவில்லை, பந்து விழும் நேரத்தில் பேசாமலிருக்கவும் தெரிகிறது. நன்றாகத்தான் பேசுகிறாள், பாவி.

ஃப்ரீ த்ரோ வரும்போது மட்டும் ரிமோட்டை எடுத்து அவள் சத்தத்தை அடைத்துவிடுகிறேன். அந்த இடத்தில் எங்கள் வீட்டில் நான்தான் பேசுவேன்.